வாழ்த்தும் வஞ்சமும்: ஓர் ஆங்கில வினைத்தொடரின் வரலாறு

ஒரு மொழியின் போக்கை அறிய விரும்புவோர் அதன் பெருஞ்சொற்களை மட்டும் ஆராய்ந்தால் போதாது. சிறு சொற்களையும் ஆராய்தல் வேண்டும். ஆங்கிலத்தில் 'டிரிங்க்' என்பது குடித்தலைக் குறிக்கும் எளிய வினை. அதனை அடுத்து 'அப்' என்னும் சிறு சொல் வரின், எஞ்சியதையும் குடித்து முடித்தல் என்று பொருள்படும். 'டு' என்னும் சொல் வரினோ பொருள் வேறாகிவிடுகிறது. 'டிரிங்க் டு' என்றால், ஒருவருடைய நலத்தையோ ஒரு செயலின் வெற்றியையோ கருதிக் கிண்ணத்தை உயர்த்தி, வாழ்த்தி அருந்துதல் என்பதாம். இங்கு வாழ்த்தே முதன்மை. குடித்தல் அதற்கு அடையாளம். இவ்வடையாளம் எவ்வாறு மதிப்புப் பெற்றது, எவ்வாறு ஐயத்துக்கு உள்ளாயிற்று என்பதைச் சிறிது நோக்குவோம்.

சுமார் 1136ஆம் ஆண்டில் மன்மத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி என்பார் பிரிட்டானிய மன்னர்களின் வரலாறு என்னும் நூலை இலத்தீனில் எழுதினார். அதில் ஒரு கதை வருகிறது. சாக்சானியத் தலைவன் ஹெங்கிஸ்ட் அளித்த விருந்தில், அவன் மகள் ரொவீனா பொற்கிண்ணத்தை ஏந்தி வோர்ட்டிகெர்ன் மன்னன்முன் நின்று, 'நலமாக இருப்பீராக' என்னும் பொருள்பட வாழ்த்துகிறாள். மறுமொழி கூறும் முறையைக் கேட்டறிந்து அருந்திய மன்னன் அவள் அழகில் மயங்கி அவளை மணக்கிறான். ஹெங்கிஸ்டின் கைக்குக் கெண்ட் நாடு போய்ச் சேர்கிறது. இக்கதையை இன்றைய வரலாற்றறிஞர் மெய்ந்நிகழ்ச்சியாகக் கொள்வதில்லை. ஆயினும், வாழ்த்திக் குடிக்கும் வழக்கம் அந்நாளிலேயே வேரூன்றியிருந்தது என்பதற்கும், அவ்வாழ்த்தினுள் வஞ்சமும் ஒளிந்திருக்கலாம் என்னும் அச்சத்துக்கும் இது சான்றாகும். அவள் கூறிய வாழ்த்தே பின்னர் 'வாசெயில்' என்னும் ஆங்கிலச் சொல்லாயிற்று. உடல்நலத்தைக் குறிக்கும் 'ஹெல்த்' என்னும் சொல்லும் அதே வேரினின்று பிறந்ததாகும்.

இவ்வச்சத்தை மேடையில் காட்டியவர் ஷேக்ஸ்பியர். சுமார் 1606இல் இயற்றப்பட்ட 'மக்பெத்' நாடகத்தில், பாங்கோவைக் கொல்வித்த மக்பெத், விருந்தினர் நடுவே, வராத நண்பனை எண்ணி வருந்துவான்போல் அவனை வாழ்த்தி அருந்துகிறான். கொலையுண்டவனின் ஆவியோ அங்கே வந்து நிற்கிறது. அதே காலத்துப் பென் ஜான்சன், 1616இல் வெளியான சீலியாவை நோக்கிய பாடலில், மதுவே வேண்டாம், பார்வையால் வாழ்த்தினால் போதும் என்று காதலன் வேண்டுவதாகப் பாடினார். குடிக்கும் பொருள் நீங்கிய பின்னும் அவ்வினை பொருள் தந்து நிற்பதை இப்பாடலிற் காண்கிறோம்.

வழக்கம் மிகவே எதிர்ப்பும் எழுந்தது. தூய்மைநெறியாளரான வில்லியம் பிரின் 1628இல் தனி நூலே எழுதி இவ்வழக்கத்தைக் கண்டித்தார். ஒருவர் வாழ்த்தினால் மற்றவரும் குடித்தே தீரவேண்டும் என்னும் கட்டாயம் இதன் பெருந்தீங்காயிற்று. மறுப்பவன் பகைவனாகக் கருதப்பட்டான். முடியாட்சி மீண்ட 1660 மே மாதத்திலேயே இரண்டாம் சார்லஸ் மன்னர் ஓர் அறிக்கை விடுத்தார். மதுக்கடைகளில் தம்மை வாழ்த்திக் குடிப்பதையன்றித் தம்மிடம் வேறு அன்பெதனையும் காட்டாதவரை அதில் அவர் கடிந்தார். வாழ்த்தப்பட்ட மன்னரே அவ்வாழ்த்தை ஐயுற்றார் என்பது கருதத்தக்கது.

அந்த ஐயம் வீணன்று என்பதைப் பின்வந்த நிகழ்ச்சிகள் காட்டின. 1688இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் பிரான்சுக்கு ஓடினார். அவர் மரபையே ஆதரித்த யாக்கோபியர், 'அரசர்' என்று பிறர் வாழ்த்தும்போது, தம் கிண்ணத்தை நீர்நிறைந்த பாத்திரத்தின் மேலாகக் கொண்டுசென்று அருந்தினராம். கடலுக்கு அப்பாலுள்ள அரசர் என்பது அதன் குறிப்பு. சொல் ஒன்று, வாழ்த்தப்பட்ட அரசர் இருவர். 1746இல் கலோடன் போரில் அவர்கள் முறியடிக்கப்பட்டனர். அவர்களுடைய இரோசா மலர் பொறித்த கண்ணாடிக் கிண்ணங்கள் பிரிட்டனின் அருங்காட்சியகங்களில் இன்றும் உள்ளன.

வாழ்த்துக் குடிப்பைக் குறிக்கும் 'டோஸ்ட்' என்னும் சொல், மணப்பொருள் தூவி மதுவில் இட்ட வாட்டிய ரொட்டித் துண்டிலிருந்து வந்தது. இன்று ஒரு கருத்தை மனமார ஏற்பவர், கையில் கிண்ணமே இல்லாதபோதும், 'அதற்கு நான் டிரிங்க் டு செய்வேன்' என்னும் பாங்கில் ஆங்கிலத்தில் கூறுவதுண்டு. பிரிட்டானியக் கடற்படையும் மனைவியரையும் காதலியரையும் வாழ்த்தி வந்த தன் சனிக்கிழமை வாழ்த்தை, பெண்களும் பணிபுரியும் நிலையைக் கருதி, 2013இல் குடும்பத்தினரை வாழ்த்துவதாக மாற்றியமைத்தது.

இனி, இத்தொடரை எவ்வாறு தமிழாக்குவது? 'டு' என்பதைக் கண்டதும் நான்காம் வேற்றுமை உருபை இட்டு, 'அரசருக்குக் குடித்தனர்' என எழுதுவது பிழை. அது அரசருக்குப் பதிலாகக் குடித்தனர் என்றும் பொருள் தரும். மலேசியா, சிங்கப்பூர்ச் சீனர் திருமண விருந்துகளில் 'யாம் செங்' என்று முழங்கக் கேட்டிருக்கிறோம். கந்தோனிய மொழியில் 'யாம்' குடித்தலையும் 'செங்' வெற்றியையும் குறிக்கும். அதனை 'வெற்றியைக் குடி' என்றால் யார் ஏற்பர்? தமிழருக்குக் கள் புதிதன்று. அதியமான் தன்னோடு கள்ளைப் பகிர்ந்துண்ட அன்பை, அவன் இறந்தபின் ஔவையார் நினைந்து இரங்கும் பாடல் புறநானூற்றில் உண்டு. எனினும் 'குடி' என்னும் வினை நம் மொழியில் வாழ்த்துப் பொருளை ஏற்கவில்லை. வாழ்த்துதற்கு நமக்குத் தனி வினை உண்டு. ஆகவே 'அரசரை வாழ்த்தி அருந்தினர்' என்பதே தகும்.

வஞ்சம் கலந்த இடமாயின் அதையும் தொடரே உணர்த்தவேண்டும். மக்பெத் 'வாழ்த்துவான்போல் அருந்தினான்' என எழுதும் மாணவன், அகராதிப் பொருளைக் கடந்து அச்சொல்லின் வரலாற்றையும் அறிந்தவனாவான். மொழிபெயர்ப்பைக் கற்பிக்கும் ஆசிரியர் அவனிடம் எதிர்பார்க்கவேண்டியதும் அதுவே.