படம் நகராமல் நிற்க

யூடியூபில் பார்த்திருப்பீர்கள். வெள்ளைப் பலகை ஒன்று தெரியும். பேனா பிடித்த ஒரு கை வந்து விறுவிறுவென்று படம் வரையும், எழுதும், பின்னால் ஒரு குரல் விளக்கம் சொல்லும். நாம் எல்லோரும் அந்தக் கையைத்தான் பார்க்கிறோம். ஆனால் போட்ட படம் போட்ட இடத்தில் நிற்க வேண்டும், அடுத்த படம் அதற்குப் பக்கத்தில் சரியாக உட்கார வேண்டும். பெரிய வேலை அதுதான். அந்த வேலைக்கு நூற்று முப்பது வருடச் சரித்திரம் உண்டு. அதில் பாதிப் பேர் பிரெஞ்சு பேசியவர்கள். அந்த மொழியில் படித்தவன் என்பதால் எனக்கு அவர்கள்மேல் கொஞ்சம் கூடுதல் பிரியம்.

1892 அக்டோபர் 28 அன்று பாரிஸில் க்ரெவான் மியூசியத்தில் எமில் ரெனோ என்பவர் தம் ‘ஒளிக் காட்சி அரங்க’த்தை நடத்தினார். லூமியேர் சகோதரர்களின் சினிமாவுக்கு மூன்று வருடம் முந்தியது இது. ‘பாவம் பியரோ’ என்ற கதைக்கு அவர் கையாலேயே வரைந்து வண்ணம் தீட்டியவை சுமார் 500 படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் பட்டையில் ஒரு துளை இருக்கும். சக்கரத்தில் இருக்கும் முள் அந்தத் துளையில் மாட்டிக்கொள்ளும். அதனால் படம் இடம் மாறாது. சினிமா வந்த பிறகு அவர் காட்சிக்குக் கூட்டம் குறைந்தது. மனம் நொந்து பெரும்பாலான பட்டைகளை சேன் ஆற்றில் எறிந்துவிட்டார் மனிதர். அந்தத் துளை யோசனை மட்டும் பிழைத்துக்கொண்டது.

பிறகு 1906-இல் அமெரிக்காவில் ஸ்டூவர்ட் பிளாக்டன் கரும்பலகையில் சாக்பீஸால் முகங்கள் வரைந்து படம் எடுத்தார். 1908-இல் பாரிஸில் எமில் கோல் ‘ஃபான்டஸ்மகோரி’ எடுத்தார். இன்றைய வெள்ளைப் பலகை வீடியோவுக்கு இவரையே பாட்டனார் என்பேன். படம் தொடங்கும்போதே ஒரு கை வந்து வரையும். மொத்தம் சுமார் 700 படங்கள். அடியில் விளக்கு வைத்த கண்ணாடியின்மேல் தாளைப் போட்டு, முந்தைய படம் தெரியத் தெரிய அடுத்ததை வரைந்தார். வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் வரைந்ததை நெகட்டிவாகக் காட்டியதால் கரும்பலகைபோல் தெரிந்தது.

தாளை மாற்றும்போது ஒரு நூல் அகலம் நகர்ந்தாலும் திரையில் அது நடுங்கும். நியூயார்க்கில் வின்சர் மெக்கே தாள் மூலைகளில் பெருக்கல் குறிபோல் அடையாளம் இட்டுச் சமாளித்தார். அப்படிப்பட்ட அடையாளத்துக்கு பிரெஞ்சில் ‘ரெப்பேர்’ என்று பெயர். 1914 வாக்கில் மான்ட்ரியாலிலிருந்து போன ராவுல் பாரே வேறு வழி பிடித்தார். எல்லாத் தாளிலும் ஒரே இடத்தில் துளை போட்டு, மேஜையில் பதித்த முளைகளில் மாட்டிவிட்டார். கோப்பில் காகிதம் கலையாமல் பஞ்ச் பண்ணி டேக் கோர்த்த கைகளுக்கு இது உடனே புரியும். நாம் முப்பது வருடம் செய்ததுதான்! கம்ப்யூட்டர் வரும்வரை கார்ட்டூன் உலகம் அந்த முளைகளில்தான் மாட்டிக்கொண்டிருந்தது.

இப்போது முளையும் இல்லை, துளையும் இல்லை. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து நிறுவனம் ஒன்று 2012-இல் கொண்டுவந்த வீடியோஸ்கிரைப் போன்ற மென்பொருள்களில் பலகைக்கு எல்லையே கிடையாது. படத்துக்கு ஓர் இடம், அதைப் பார்க்கும் காமிராவுக்கு ஓர் இடம் என்று இரண்டையும் குறிக்க வேண்டும். படத்தை மட்டும் நகர்த்திவிட்டுக் காமிராவை மறந்தால் கை வெட்டவெளியில் வரைந்துகொண்டிருக்கும். தமிழ் எழுதினால் இன்னொரு தொல்லை. நம் சொற்கள் நீளம், ஆங்கிலத்துக்கு அளந்த பெட்டியில் அடங்குவதில்லை. எழுத்தைச் சிறிதாக்கினால் என் வயதுக்காரர்களுக்குத் தெரியாது. இரண்டு வரியாக்குவதே மேல்.

இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது எங்கள் வடக்குப்பட்டால். 2022-இல் இந்தியத் தொல்லியல் துறை இங்கே தோண்டியது பலருக்கு நினைவிருக்கும். சுமார் 75 செ.மீ. ஆழத்தில் கற்கருவிகள் கிடைத்தன. அதற்கு மேல் சங்க காலத்தை ஒட்டிய மணிகளும் ரோமானிய ஆம்போரா ஜாடி ஓடுகளும். அதற்கும் மேலே பல்லவர் காலத்துச் சின்னங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்காக இதை மூன்று நிமிட வீடியோவாக்க ஓர் ஆசிரியை முனைந்திருக்கிறார். முதலில் செய்ததை எனக்குப் போட்டுக் காட்டினார். கற்கருவி, ஜாடி, பல்லவச் சிற்பம் மூன்றும் ஒரே கோட்டில், கடை அலமாரி பொம்மைகள்போல் வரிசையாக நின்றன.

“பார்க்க நன்றாக இருக்கிறதே சார்?” என்றார்.

நன்றாகத்தான் இருந்தது. வரிசைப்படுத்தும் பொத்தானை ஒரு தரம் அழுத்தியதில் வந்த அழகு அது. அந்த ஒரு அழுத்தில் ஆயிரக்கணக்கான வருடம் காணாமல் போயிருந்தது. வேட்டையாடியவனும் ரோமாபுரி ஜாடியை வாங்கியவனும் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்றுதான் ஒரு பிள்ளை நினைக்கும். மண்ணில் ஒரு பொருள் எந்த ஆழத்தில் கிடந்தது என்பதே அதன் ஜாதகம். அகழாய்வுக் குழியைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, எடுக்கும் ஒவ்வொன்றுக்கும் ஆழம் குறிப்பதும் அதற்குத்தான்.

சொன்னதும் அந்தம்மா புரிந்துகொண்டார். இடது ஓரத்தில் அளவுகோல் ஒன்றை நிறுத்தினார். கீழே கற்கருவி, நடுவில் ஜாடி ஓடு, மேலே சிற்பம். இடது விளிம்பு மட்டும் எல்லாவற்றுக்கும் ஒரே நேர்கோடு. அங்கே அந்தப் பொத்தான் உதவியது. வீடியோ புல் முளைத்த தரையில் தொடங்கிக் கீழே இறங்கும். ஜாடி ஓட்டை மட்டும் மூன்று தடவை நகர்த்தி, இப்போது அதன் அடுக்கில் நிற்கிறது. காமிராவை அதோடு இறக்குவது பாக்கி.