'புரோகிரஸ்' என்னும் சொல்: நடையும் ஏற்றமும்

'புரோகிரஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் நிலைபெற்ற நிகரன் 'முன்னேற்றம்' என்பதாகும். ஆயினும் இவ்விரு சொற்களின் பொருட்பரப்பும் ஒன்றன்று. ஆங்கிலச் சொல்லின் வரலாற்றை நோக்கின், இவ்வேறுபாடு சில இடங்களில் மூலத்தின் கருத்தையே தலைகீழாக்கும் என்பது புலனாகும்.

இச்சொல் 'புரோகிரெஸ்ஸுஸ்' என்னும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது. 'புரோ' என்பது முன்னோக்கி என்றும், அடுத்த உறுப்பின் வினைவேர் அடியெடுத்து வைத்தல் என்றும் பொருள்படும். நடந்து சேரும் இடம் நன்றோ தீதோ என்பதை இவ்வேர் உணர்த்துவதில்லை. 15ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் வழங்கிய இச்சொல், மன்னர் பரிவாரத்துடன் நாட்டைச் சுற்றிவருவதையும் குறித்தது. முதலாம் எலிசபெத் (1558–1603) கோடைக்காலங்களில் மேற்கொண்ட பயணங்கள் இப்பெயராலேயே வழங்குகின்றன.

1678இல் ஜான் பனியன் தம் நூலின் தலைப்பில் இச்சொல்லை ஆண்டபோதும் பயணப் பொருளே முதன்மை பெற்றது. அந்நூலைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இயற்றிய காப்பியம் 'இரட்சணிய யாத்திரிகம்' (1894) எனப் பெயர் பெற்றமை நோக்கத்தக்கது. அங்கு முன்னேற்றம் இல்லை, யாத்திரையே உண்டு. ஓவியர் வில்லியம் ஓகார்த் 1732இலும் 1735இலும் வெளியிட்ட இரு படத்தொடர்களின் தலைப்பிலும் இச்சொல் உள்ளது. முன்னது ஒரு விலைமகளின் வாழ்வையும், பின்னது செல்வத்தை அழித்துப் பித்தர் விடுதியை அடைந்த இளைஞனின் வாழ்வையும் சித்திரிக்கின்றன. இரண்டும் வீழ்ச்சியின் கதைகளே.

காலந்தோறும் மனித இனம் மேன்மையுறுகிறது என்னும் கருத்து 18ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் வலுப்பெற்றது. துர்கோவின் 1750ஆம் ஆண்டுச் சொற்பொழிவும், கொந்தோர்சேயின் மறைவுக்குப்பின் 1795இல் வெளிவந்த நூலும் இதற்குச் சான்றுகளாம். இத்தகைய சிந்தனையின் வழியாகவே 'நடத்தல்' என்னும் பொருளின்மீது 'உயர்தல்' என்னும் மதிப்பு உறுதியாக ஏறியது.

தமிழ்ச் சொல்லிலோ அம்மதிப்பு அமைப்பிலேயே உறைந்துள்ளது. முன்னேற்றம் என்பது முன் + ஏற்றம். 'படை முன்னேறியது' என்னும்போது வினை இடப்பெயர்ச்சியை மட்டும் குறிக்கலாம். பெயர்ச்சொல்லோ பெரும்பாலும் உயர்வையே குறிக்கிறது. இதனால், மருத்துவ நூலில் இச்சொல் நோயைச் சார்ந்து வருமிடத்தில் 'நோயின் முன்னேற்றம்' என்று பெயர்த்தால், நோயாளி தேறிவருவதாகப் படிப்போர் மயங்க நேரும். மூலம் கூறுவது நோய் முற்றுவதையே.

இம்மயக்கத்தைத் தவிர்க்கும் வழி தமிழ் வழக்கிலேயே உண்டு. இதன் உரிச்சொல் வடிவம் பொருளியலில் 'வளர்விகித' வரி எனவும், இலக்கிய இயக்கங்களில் 'முற்போக்கு' எனவும் பெயர்க்கப்பட்டுள்ளது. முன் + போக்கு என்னும் அமைப்பு இலத்தீன் வேருக்கு மிக நெருங்கியது. துறையறிந்து சொல்லை வேறுபடுத்தும் இம்முறையைக் காலத்திற்கும் விரிவாக்குதல் வேண்டும். 18ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்ட ஆங்கில நூல்களில் இச்சொல்லைக் காணும் மொழிபெயர்ப்பாளர், பயணம், செலவு, போக்கு என்பவற்றை முதலில் பொருத்திப் பார்த்து, உயர்வுப்பொருள் தெளிவாக உள்ள இடத்தில் மட்டும் 'முன்னேற்றம்' என்பதை ஆளுதல் தகும்.