செவிவழிச் செய்தியும் தேசப்படமும்

1969-ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்க ராணுவ இலாகாவின் ஆராய்ச்சிப் பிரிவு பொருளுதவி செய்து உருவாக்கிய ஆர்ப்பாநெட் என்னும் கம்ப்யூட்டர் வலையில் இருந்தவை நான்கே நிலையங்கள். ஒவ்வொன்றிலும் ஐம்ப் என்றழைக்கப்பட்ட பருத்த யந்திரம் ஒன்று வாசற்காவலன்போல் அமர்ந்திருந்தது. இன்று ரூட்டர் என்கிறோமே, அதன் மூதாதை இதுதான். நான்கு ஊர்களுக்கு வழி எழுதிவைப்பது பிரமாத காரியமன்று; ஆனால் கம்பி அறுந்தாலும், ஒரு நிலையமே ஓய்ந்தாலும், எவர் ஆணைக்கும் காத்திராமல் யந்திரங்கள் தாமாகவே மாற்று மார்க்கம் கண்டுகொள்ள வேண்டும் என்பது அதை அமைத்தவர்களின் சங்கற்பம்.

முதலில் கைக்கொண்ட முறை செவிவழிச் செய்தியை ஒத்தது. ஒவ்வோர் ஐம்பும், இன்ன இடத்தை அடைய இவ்வளவு தாமதமாகும் என்ற தன் பட்டியலை ஒரு விநாடிகூட ஆகுமுன் அண்டை யந்திரங்களுக்கு மீண்டும் மீண்டும் ஒப்புவிக்கும். கேட்டவை, அதனோடு தம் பங்கைக் கூட்டிக் குறைந்ததை ஏற்கும். வலை முழுவதையும் கண்டவர் ஒருவருமில்லை. ஆகவே, ஓரிடம் எட்டாமற்போன பின்பும், இரண்டு யந்திரங்கள் ஒன்றன் சொல்லை மற்றொன்று நம்பித் தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போவதுண்டு. இதே முறையைத் தழுவி 1988-இல் ஏட்டுருப் பெற்ற ரிப் என்னும் விதிமுறை, 16 என்ற எண்ணையே முடிவிலி என்று சாதித்து இந்த அவதிக்கு எல்லை கட்டியது. கணித பண்டிதர்கள் மன்னிப்பார்களாக! ஆர்ப்பாநெட்டிலோ, ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த ஓர் ஐம்பின் நினைவகம் பழுதுற்று, எவ்விடமும் தனக்குப் பூஜ்ய தூரமே என்று பறைசாற்றியபோது, வலையின் செய்திகளெல்லாம் அதை நோக்கித் திரண்டன.

1979-இல் மெக்குயில்லன், ரிச்சர், ரோசன் ஆகியோர் வகுத்த புதிய முறை வந்தது. இதில் ஒவ்வோர் ஐம்பும் தன்னோடு பிணைந்த கம்பிகளின் நிலையை மட்டுமே சொல்லும், ஆனால் அனைவருக்கும் சொல்லும். அவ்வாறு வந்தவற்றைக் கொண்டு ஒவ்வொன்றும் முழு வலையின் படத்தை வரைந்து, டைக்ஸ்ட்ரா என்னும் கணினி அறிஞர் 1959-இல் வெளியிட்ட, மிகக் குறுகிய பாதை காணும் கணக்கீட்டு முறையின் வழியில் தன் பாதையைத் தானே தேர்ந்துகொள்ளும். இன்றைய ஓஎஸ்பிஎஃப் என்னும் விதிமுறை இந்த வம்சத்தில் வந்ததே.

வதந்தி ஒழிந்தது என்றிருந்தபோது, 1980 அக்டோபர் 27-ஆம் நாள் வலை முழுவதும் பல மணி நேரம் ஸ்தம்பித்தது. கம்பிகளின் நிலையைச் சொல்லும் செய்திகளில் எது புதியது என அறிய, 63-க்குப் பின் மீண்டும் பூஜ்யத்துக்குத் திரும்பும் வரிசை எண் ஒன்று இடப்பட்டிருந்தது. 50-ஆம் ஐம்பின் பெயரால் 8, 40, 44 என்ற மூன்று எண்கள், பக்கத்து யந்திரத்தின் கோளாற்றால் பிட்டுகள் உதிர்ந்து, ஒருங்கே உலவலாயின. சக்கரக் கணக்கில் 8-ஐவிட 40 புதியது, 40-ஐவிட 44 புதியது, 44-ஐவிட 8 புதியது. எனவே மூன்றும் ஒன்றையொன்று துரத்தி ஓயாமல் பெருகின. 50-ஆம் யந்திரத்தின் பெயரில் வரும் எச்செய்தியையும் காதில் போட்டுக்கொள்ளாதே என்று மற்ற ஐம்புகளுக்கெல்லாம் மனிதர்கள் கற்பித்த பின்னரே அச்சுழல் அடங்கிற்று.