பெரியண்ணனும் சின்னண்ணனும்

எங்கள் சபையின் ஆண்டுவிழா மலருக்கு "பழைய சங்கதிகள் உங்களுக்குத்தான் தெரியும், ஒரு கட்டுரை எழுதிக் கொடுங்கள்" என்று போன மாதம் கேட்டார்கள். நாற்பது வருடம் தோல் ஷாப்பில் கணக்கு எழுதிய கை சும்மா இருக்குமா? எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு பத்தியை மட்டும் எடுத்துவிடச் சொல்கிறார்கள். அந்தப் பத்தி என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் திருப்பத்தூர் வரை போய் வரவேண்டும்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது, 1958இல், அப்பா என்னை ஆம்பூரிலிருந்து பஸ்ஸில் திருப்பத்தூருக்கு அழைத்துப் போனார். அப்போது எல்லாம் வட ஆற்காடு ஜில்லாதான். ஊருக்கு வெளியே மரங்களுக்கு நடுவில் ஒரு கோபுரம் தெரிந்தது. கோயிலுக்கு எதற்குக் கூட்டி வந்தார் என்று எனக்குக் குழப்பம். "இது நம்ம கோயில்தான்டா. செருப்பைக் கழற்று" என்றார் அப்பா. உள்ளே கல் தூண்கள். பெஞ்சு கிடையாது, எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள். பாடியது கீர்த்தனை. மத்தியானம் இலையில் சாப்பாடு, ஒரே பந்தி. கதர் வேட்டி கட்டிய வெள்ளைக்காரர் ஒருவரைத் தூரத்தில் காட்டி, "அவர்தான் சின்னண்ணன்" என்றார் அப்பா. வெள்ளைக்காரரை "துரை" என்றோ "ஐயர்" என்றோதான் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருந்தேன். "அண்ணன்" என்று அன்றுதான் கேட்டேன்.

அந்த இடம் கிறிஸ்துகுல ஆசிரமம். 1921இல் தொடங்கியது. இந்தியாவில் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள் தொடங்கிய ஆசிரமங்களில் முதன்மையானது என்று சரித்திரம் எழுதுகிறவர்கள் சொல்வார்கள். தொடங்கியவர்கள் இருவர். ஒருவர் தமிழரான டாக்டர் சவரிராயன் ஏசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டாக்டர் எர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டன். இருவரும் மருத்துவர்கள், இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏசுதாசன் 1882இல் பிறந்தவர், பேட்டன் 1891இல் பிறந்தவர். ஒன்பது வருடம் மூத்தவர் பெரியண்ணன், இளையவர் சின்னண்ணன்.

இன்றைய பிள்ளைகளுக்கு இதில் என்ன விசேஷம் என்று தோன்றலாம். 1921ஆம் வருடத்தை யோசித்துப் பாருங்கள். வெள்ளைக்காரன் நாட்டை ஆள்கிறான். பணம் வைத்திருப்பவர் பேட்டன். அவர் குடும்பம் அலோவா என்ற ஊரில் கம்பளி நூல் ஆலை வைத்திருந்த பெரிய குடும்பம். அந்த வசதியை உதறிவிட்டு வந்த வெள்ளைக்காரர் தம்பி, நம்மூர்க்காரர் அண்ணன். வீட்டுக்குள் எப்படிக் கூப்பிடுகிறோம் என்பதில்தானே வீட்டின் நியாயமே இருக்கிறது?

இதன் அருமை தெரிய மிஷன் காம்பவுண்டு எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். நம் பக்கத்தில் ஆற்காடு மிஷன் 1853இல் ஸ்கடர் சகோதரர்களால் தொடங்கியது. அதே ஸ்கடர் குடும்பத்தில், 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர்தான் 1900இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் ஆரம்பித்தார். 1909இல் நர்ஸ் பள்ளி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி என்று வளர்ந்து, இன்று நாம் சி.எம்.சி. என்று சொல்லும் மரமாக நிற்கிறது. கிருஷ்ணகிரி, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன்காரர்கள் 1895 முதல் வேலை செய்தார்கள். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் தந்தார்கள். என் அப்பா எழுத்துப் படித்ததும், ஆரம்பப் பள்ளி வாத்தியார் ஆனதும் மிஷன் பள்ளியால்தான். அந்த நன்றியை நான் மறக்கவில்லை.

ஆனால் காம்பவுண்டில் பங்களா ஒரு பக்கம், உபதேசியார் வீடு ஒரு பக்கம். சம்பளம் தருகிறவர், வாங்குகிறவர். ஜெபத்தில் சகோதரர்கள், சாப்பாட்டு மேஜையில் வேறு வேறு. ஆராதனையும் சீமையிலிருந்து கப்பலில் வந்தது போலவே இருந்தது. தமிழ்க் கிறிஸ்தவனுக்குச் சொந்தப் பாட்டு இல்லாமல் போகவில்லை. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரின் பாடல்களை மதுரை மிஷன் எட்வர்ட் வெப் 1853இலேயே அச்சில் கொண்டுவந்தார். இருந்தாலும் கோயிலின் கூரையும், ஜன்னலும், பெஞ்சும் அந்நியமாகவே இருந்தன.

பெரியண்ணனும் சின்னண்ணனும் செய்ததை மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறேன்.

முதலாவது ஆராதனை. திராவிடக் கட்டடக் கலையில், கோபுரத்தோடு, ஒரு ஜெபாலயம் எழுப்பினார்கள். கிராமத்து ஆள் ஒருவர் உள்ளே வந்தால் கூச வேண்டியதில்லை. எப்படி நடக்க வேண்டும் என்று அவர் காலுக்கே தெரியும். விசுவாசத்தை மொழிபெயர்ப்பாக இல்லாமல் தாய்மொழியாகப் பேசும் முயற்சி அது.

இரண்டாவது கூட்டு வாழ்க்கை. கதர் உடுப்பு, சைவச் சாப்பாடு, பிரம்மச்சரியம், ஒரே பந்தி. சுற்று வட்டாரக் கிராமங்களுக்கு வைத்தியம். ஆசிரமங்கள் அன்றும் இன்றும் எப்படி இருக்கின்றன என்று ஏசுதாசன் ஆங்கிலத்தில் எழுதிய புத்தகம் 1937இல் நம் வேலூரிலேயே அச்சானது.

மூன்றாவது, தைரியமான பேச்சு. இதற்கு விலை உண்டு. அந்தக் காலத்தில் கதர் வெறும் துணி இல்லை, காங்கிரஸ்காரன் என்ற அடையாளம். மிஷனெரிகள் அரசியலில் தலையிடக்கூடாது என்று அரசாங்கம் கண்காணித்தது. மதுரைப் பக்கம் ஊழியம் செய்த அமெரிக்கரான கெய்தான், காந்தியின் ஆங்கிலேய நண்பர் ஒருவரைத் தன் வீட்டில் தங்க வைத்ததற்காக 1930இல் இந்தியாவை விட்டுப் போகவேண்டி வந்தது. 1932இல் சென்னையில் அந்நியத் துணிக் கடை மறியல் நடந்த இடத்தில் கதர் உடுத்தி நின்ற பேட்டனைப் போலீஸ் தடியால் அடித்தது, குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சியது, கைதும் செய்தது. பிறகு வழக்கைக் கைவிட்டார்கள். விஷயம் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை போனது. யோசித்துப் பாருங்கள், நூல் ஆலைக் குடும்பத்துப் பிள்ளை துணிக் கடை வாசலில் அடி வாங்குகிறார், உடம்பில் இருப்பது நம்மூர் கைராட்டை நூல்.

சபைக்குள்ளேயும் இவர்கள் வாய் மூடி இருக்கவில்லை. 1938 டிசம்பரில் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. அதற்கு முன்பாகவே சென்னையில் செஞ்சையா, சக்கரை முதலியவர்கள் சேர்ந்து, இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுபடி சிந்திக்க வேண்டும் என்று ஒரு புத்தகம் போட்டார்கள். அதில் எழுதியவர்களில் ஏசுதாசனும் ஒருவர். மேல்நாட்டுப் பண்டிதர்கள் நமக்காக யோசித்தது போதும், நாமும் யோசிப்போம் என்பது அதன் சாரம்.

அப்போஸ்தலர் நடபடிகள் 4ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை வாசித்தவர்களுக்கு இந்த மூன்றும் புதிதல்ல. கூடி ஜெபித்தார்கள், தைரியமாய்ப் பேசினார்கள், உள்ளதைப் பொதுவாய் வைத்தார்கள். ஒன்றை எடுத்தால் மற்ற இரண்டும் நிற்காது. பேசத் தைரியம் எங்கிருந்து வரும்? நான் விழுந்தால் தூக்க நாலு பேர் உண்டு என்ற நிச்சயத்திலிருந்துதானே? அந்த நாலு பேர் எங்கே கிடைப்பார்கள்? ஒரே தரையில் உட்கார்ந்து பாடிய இடத்தில், ஒரே பந்தியில் சாப்பிட்ட இடத்தில்.

குறையையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் இது புகழ்ச்சிப் பத்திரம் ஆகிவிடும். கல்யாணம் செய்யாத சகோதரர்களின் குடும்பத்துக்கு அடுத்த தலைமுறை தானாக வராது. பெரியண்ணன் 1969இலும் சின்னண்ணன் 1970இலும் காலமானார்கள். அந்த வேகம் அவர்களோடு தணிந்தது. ஊர்ச் சபைகள் ஆசிரமத்தை மெச்சின, ஆனால் பின்பற்றவில்லை. கோபுரத்தைப் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப்போன நாங்கள், திரும்பி வந்து பழைய பெஞ்சில் பழைய வரிசையில்தான் உட்கார்ந்தோம்.

இன்னொரு கேள்வியும் உண்டு. கோபுரம் யாருடைய அழகு? நம் தோல் பட்டறைச் சனங்களின் முன்னோர்களை வாசலுக்கு வெளியே நிறுத்திய கோபுரம்தானே அது? இந்தக் கேள்வியைப் பாட்டாகவே கேட்டவர் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு. "பரட்டை அண்ணன்" என்றால் பலருக்கும் தெரியும். 2005இல் மறைந்தார். கர்நாடக ராகத்துக்குப் பதிலாகக் கிராமத்து மெட்டை, பறையை, வயல் பேச்சை ஆராதனைக்குள் கொண்டுவந்தார். "ஒரு உலை" என்று ஒரு சொல்லை வைத்துக்கொண்டு போதித்தார். தனித்தனியே பொங்குவதை விட்டு எல்லோர் அரிசியும் ஒரே பானையில் கொதிக்கட்டும், அதுதான் திருவிருந்து என்பது அவர் கட்சி. திருப்பத்தூரில் இரண்டு அண்ணன்கள், மதுரையில் ஓர் அண்ணன். வழி வேறு, ஆனால் பாட்டு, பந்தி, பேச்சு என்ற மூன்றும் மூவரிடமும் இருந்தன.

இப்போது அந்தப் பத்திக்கு வருகிறேன்.

என் தாத்தா தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை செய்தவர். அவர் கால் நகங்கள் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. அப்பா படித்து வாத்தியார் ஆனார், நான் படித்து அதே மாதிரி ஒரு ஷாப்பில் நாற்காலியில் உட்கார்ந்தேன். 1975இல் எனக்கு இருபத்தேழு வயது, நான் அங்கம் வகித்த சபையின் கமிட்டிச் செயலாளர். தொட்டியில் வேலை செய்த ஒருவரை மூப்பராக வைக்கலாம் என்று பேச்சு வந்தது. நல்ல குரல் அவருக்கு. கீர்த்தனை எடுத்துக் கொடுத்தால் கோயிலே எழுந்து நிற்கும். வேதத்தை மனப்பாடமாகச் சொல்வார். கமிட்டியில் ஒருவர் சொன்னார், "காணிக்கைத் தட்டு தூக்கிக்கொண்டு வந்தால் வாடை அடிக்குமே." நாலைந்து பேர் சிரித்தார்கள். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

நானும் பேசவில்லை. பேனாவை எடுத்து மினிட்ஸ் புத்தகத்தில், "மூப்பர் நியமனம் பற்றிய பொருள் ஒத்திவைக்கப்பட்டது" என்று எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். அந்தப் பொருள் பிறகு எந்தக் கூட்டத்திலும் வரவில்லை. அந்த வாடை என் தாத்தாவின் வாடை என்று அன்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான் வாயைத் திறக்கவில்லை.

அந்த மனிதர் சபைக்கு வருவதை நிறுத்தவில்லை. கடைசி வரிசையில் உட்காருவார். பாட்டை மட்டும் எடுத்துக் கொடுப்பதில்லை. பல வருடம் கழித்து அவர் அடக்கத்துக்குப் போனேன். அவர் மகன் என் கையைப் பிடித்து, "ஐயா, நீங்க வந்தது பெரிய விஷயம்" என்றான். அதற்கும் நான் பதில் சொல்லவில்லை.

கிறிஸ்தவனுக்கு என்று ஒரு பண்பாடு உண்டா என்று இளைஞர் கூட்டங்களில் கேட்கிறார்கள். பெயரும், கல்யாண கவுனும், கிறிஸ்துமஸ் கேக்குமா அது? 1921இல் திருப்பத்தூரில் இரண்டு பேர் காட்டினார்கள்: யாரோடு பாடுகிறாய், யாரோடு சாப்பிடுகிறாய், யாருக்காகப் பேசுகிறாய் என்பதே அது. எங்களிடம் பாட்டு இருந்தது. அசன விருந்தில் பந்தியும் இருந்தது. பேச்சு இல்லாமல் போனது. அதனால் பாட்டும் பந்தியும்கூடப் பொய்யாகிவிட்டன.

மலர்க் கமிட்டியில் எல்லோரும் நல்லவர்கள், என்னைவிடச் சின்னவர்கள். "அண்ணே, விழா நேரத்தில் இது எதற்கு? யார் மனசாவது புண்படும்" என்றார்கள். புண்பட்டவர் ஐம்பது வருடத்துக்கு முன்பே புண்பட்டுவிட்டார் என்றேன். அந்த மினிட்ஸ் பக்கத்தைப் போட்டோ எடுத்துக் கட்டுரையோடு கொடுத்திருக்கிறேன். பத்தியை எடுப்பதானால் கட்டுரையையே எடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடுகிறது. இந்தத் தடவை நான் செயலாளர் இல்லை, எழுதவேண்டிய வேலை எனக்குக் கிடையாது. பேசவேண்டிய வேலை மட்டும்தான் பாக்கி.