பழைய காரும் பாதி விலைக் கணக்கும்

சாமராஜநகரில் பதினெட்டு வயதான கார் ஒன்று என்ஜின் வேலைக்காகப் பட்டறையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இருக்கிற நிலையிலேயே விற்றால் 60,000 ரூபாய் போகும். என்ஜினை இறக்கி வேலை பார்க்க 40,000 ஆகும். 'விலையில் பாதிக்கு மேல் செலவு வைக்கிற வண்டியைத் தள்ளிவிடு' என்று இன்று பலரும் அறிவுரை சொல்வார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே ஊர் மைசூர் மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்த அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இந்தக் கணக்கை யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். பழைய வண்டியைப் பழுது பார்ப்பதா கழித்துக் கட்டுவதா என்பதை வண்டியின் வயதும் விற்பனை விலையும் முடிவு செய்ததாக வரலாறு காட்டவில்லை. அதற்கு மாற்றாக இன்னொரு வண்டி எவ்வளவு எளிதில் கிடைக்கும், பழுது நீக்கும் வித்தை யார் கையில் இருக்கிறது என்ற இரண்டும்தான் முடிவு செய்து வந்திருக்கின்றன. பாதி விலைக் கணக்கு இந்த இரண்டையுமே பார்ப்பதில்லை.

சுதந்திரத்துக்குப் பின் வெளிநாட்டுக் கார் இறக்குமதியை அரசு அடைத்தது. இங்கேயே உற்பத்தி செய்யத் திட்டம் இல்லாத நிறுவனங்களுக்கு இடமில்லை என்றானதும், 1928 முதல் பம்பாயில் கார்களைப் பூட்டி விற்றுவந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஐம்பதுகளில் கடையைக் கட்டியது. மிஞ்சியவை மூன்று: உத்தர்பாராவில் அம்பாசடர் செய்த இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் ஃபியட் செய்த பிரீமியர், சென்னையில் ஹெரால்டு செய்த ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ். எண்பதுகளின் தொடக்கம் வரை நாடு முழுவதும் சேர்த்தும் ஆண்டுக்கு ஐம்பதாயிரம் கார்கூட உருவாகவில்லை. புதிய காரை யாருக்கு விற்பது என்பதற்கே 1959-இல் ஒரு கட்டுப்பாட்டு ஆணை வந்தது. முன்பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். கைக்கு வந்த வண்டியை மறுபடி விற்றால் வாங்கிய விலையைவிடக் கூடுதலாகவே கிடைத்த காலமும் உண்டு. அப்படியிருக்கையில் எந்தச் செலவும் வண்டியின் மதிப்பில் பாதியைத் தொடாது. தொட்டாலும் செய்துதான் ஆகவேண்டும், வேறு வண்டி இல்லை.

வண்டிகளும் அதற்கு ஒத்துழைத்தன. அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் என்ஜின் பல ஆண்டுகள் அடிப்படை மாறாமல் வந்தது. ஒரு தலைமுறை மெக்கானிக் கற்றது அடுத்த தலைமுறைக்கும் செல்லுபடியானது. சிலிண்டர் தேய்ந்தால் லேத்துக்கு அனுப்பி போரிங் போட்டு, அளவு கூடிய பிஸ்டனை மாட்டுவார்கள். அங்குலத்தின் ஆயிரத்தில் இருபது, நாற்பது, அறுபது பங்கு என்று படிப்படியாக அளவு ஏறும். அதுவும் முடிந்தால் லைனர் அடித்து மறுபடி முதல் அளவுக்கே திரும்பலாம். ஒரே என்ஜினுக்குள் நாலைந்து ஆயுள் இருந்தது என்று சொன்னால் மிகை இல்லை. இதை இந்தியரின் சிக்கனம் என்று புகழ்வது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பட்டறைக் கூலி மலிவாக இருந்ததற்கு, சம்பளமே இல்லாமல் ஸ்பானர் எடுத்துக் கொடுத்து வேலை பழகிய சிறுவர்களும் ஒரு காரணம். அவர்கள் இன்று பள்ளிக்கூடத்தில் இருப்பது நல்லதே. ஆனால் அந்தக் கூலிக் கணக்கை இன்றைய வண்டிக்குப் போட முடியாது.

பழுது நீக்கும் வித்தை யார் கையில் இருந்தது என்பதற்கு மைசூர் நகரமே சான்று. கார் இல்லை, மோட்டார் சைக்கிள். செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவா நிறுவனத்திடம் உரிமம் பெற்று ஐடியல் ஜாவா தொழிற்சாலை யாதவகிரியில் தொடங்கப்பட்டது. 1961-இல் வண்டிகள் வெளிவரத் தொடங்கின. எழுபதுகளில் அவை யெஸ்டி என்ற பெயருக்கு மாறின. தொழிற்சாலை 1996-இல் மூடப்பட்டது. பாதி விலைக் கணக்கின்படி பார்த்தால், செய்த நிறுவனமே இல்லாத வண்டி அடுத்த சில ஆண்டுகளில் காயலான் கடைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. 2018-இல் ஜாவா என்ற பெயரையும் 2022-இல் யெஸ்டி என்ற பெயரையும் இன்னொரு நிறுவனம் மீட்டு விற்க முன்வந்தபோது, பழைய வண்டிகள் மைசூர்த் தெருக்களில் ஓடிக்கொண்டிருந்தன. டூ ஸ்ட்ரோக் என்ஜினில் வால்வு கிடையாது, கழற்றிப் பூட்ட அதிகம் இல்லை. இல்லாத பாகத்தை லேத்தில் கடைந்துகொள்ளலாம். அந்த வண்டிக்கு ஆயுள் கொடுத்த அறிவு தொழிற்சாலையின் மதிலுக்கு வெளியிலும் பரவியிருந்தது. எத்தனையோ பெரிய நிறுவனங்கள் உயிரோடு இருந்தும் அவற்றின் பத்து வயது மாடலுக்குப் பாகம் கிடைக்காத இந்நாளில் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மாற்று வண்டி கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு மிகக் கடுமையான எடுத்துக்காட்டு யாழ்ப்பாணம். 1990-இல் பொருளாதாரத் தடை விழுந்து பெட்ரோல் நின்றபோது, ஐம்பதுகளில் வந்த மொரிஸ், ஒஸ்டின் கார்களைத்தான் அங்கே மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். துளி பெட்ரோலைக் காட்டி என்ஜினை எழுப்பிவிட்டு, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அழுத்தம் குறைந்த பழைய என்ஜின் என்பதால் அது தாங்கியது. புதிய வண்டி தாங்கியிருக்காது. முப்பது ஆண்டுக்குப் பின், 2020-இல் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தி ஏறத்தாழ ஐந்தாண்டு அப்படியே வைத்திருந்தது. பழைய கார்களின் விலை வாங்கிய விலையைத் தாண்டி ஏறியது. அவற்றின் என்ஜின் ஒரே நாளில் இளமையாகிவிடவில்லை. மாற்றுக்கான வாசல் அடைபட்டது, அவ்வளவுதான்.

இந்தியாவில் அந்த வாசல் 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது திறக்கத் தொடங்கியது. 1993-இல் கார் தொழிலுக்கு உரிமம் தேவையில்லை என்றானதும் அகலத் திறந்தது. காத்திருப்பு போய், கடன் வந்தது. பாதி விலைக் கணக்கு செல்லுபடியாகத் தொடங்கியது இதற்குப் பிறகுதான். அப்போதும் அது பாதி உண்மையே. முதலில் சொன்ன வண்டிக்குத் திரும்புவோம். 60,000 ரூபாய்க்கு அதை விற்றுவிட்டால் கையில் 60,000 இருக்கும், கார் இருக்காது. நம்பகமான இன்னொரு வண்டிக்கு மூன்று நான்கு லட்சம் வேண்டும். எனவே 40,000 ரூபாயை வண்டியின் விலையோடு ஒப்பிடுவது தவறு. மாற்று வண்டிக்குக் கையிலிருந்து கூடுதலாகப் போடும் பணம், அதற்கான வட்டி, அது ஆண்டுதோறும் இழக்கும் மதிப்பு ஆகியவற்றோடு ஒப்பிட வேண்டும். பழைய வண்டி இழக்க வேண்டிய மதிப்பையெல்லாம் இழந்து முடித்துவிட்டது. அதன் விலை குறைவு என்பது விற்பதற்கான காரணமே அல்ல, வைத்துக்கொள்வதற்கான காரணம். போட்ட 40,000-க்கு மூன்று ஆண்டு ஓடினால் போதும், கணக்கு நேராகிவிடும்.

இதற்குப் பாதுகாப்பைச் சொல்லி மறுப்பார்கள். அந்த மறுப்பு கனமானது. ஓட்டுநருக்குக் காற்றுப்பையும் ஏபிஎஸ் பிரேக்கும் இங்கே 2019-இல்தான் கட்டாயமாயின. பழுது பார்ப்பது வண்டியை அது பிறந்த நாளின் நிலைக்குக் கொண்டுபோகும். அதற்கு மேல் கொண்டுபோகாது. சாமராஜநகரிலிருந்து சத்தியமங்கலத்துக்கு இறங்கும் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. பழைய டிரம் பிரேக் அங்கே சூடேறிப் பிடிமானம் இழக்கக்கூடும். குடும்பத்தோடு அந்தப் பாதையில் அடிக்கடி போகிறவருக்கு என் கணக்கு பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சந்தைக்கும் அலுவலகத்துக்கும் ஊருக்குள் போய்வருகிறவருக்குப் பொருந்தும்.

புகையைச் சொல்லும் மறுப்பு அவ்வளவு நேரானதல்ல. 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லியில் பத்து வயதைத் தாண்டிய டீசல் வண்டிகளைத் தடுத்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. டெல்லியின் காற்றுக்கு அது தேவையாக இருக்கலாம். ஆனால் அங்கிருந்து கிளம்பிய 'வயதானது கெட்டது' என்ற எண்ணம் நாடு முழுக்கப் பரவிவிட்டது. பந்திப்பூர்க் காட்டோர ஊரில் மாதம் முந்நூறு கிலோமீட்டர் ஓடும் காரும், தலைநகரில் நாள்தோறும் நூறு கிலோமீட்டர் ஓடும் காரும் வயதில் ஒன்றாக இருக்கலாம், விடும் புகையில் ஒன்றாகா. புதிய காரை உருவாக்கும்போதே பல டன் கரியமில வாயு வெளியேறிவிடுகிறது என்பதையும் சேர்க்க வேண்டும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இந்த விஷயத்தில் மக்கள் நினைப்பதைவிட நிதானமானது: சொந்தக் காருக்குப் பதினைந்து ஆண்டுப் பதிவு, பிறகு வண்டி தகுதியாக இருந்தால் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிப்பு. 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. இருபது வயது தாண்டிய கார்களுக்கு 2025-இல் 10,000 ஆனது. எரிச்சலூட்டும் தொகைதான். ஐந்தாண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 2,000. புதுக் காரின் ஒரு மாதத் தவணைகூட அதைவிட அதிகம்.

ஆகவே சட்டம் பழைய காரைக் கொல்லவில்லை. துரு கொல்லும்: அம்பாசடர் முதல் இன்றைய வண்டிகள் வரை பெரும்பாலானவற்றுக்குத் தனிச் சட்டகம் (சேஸி) கிடையாது, உடலே எலும்பு, அடித்தளம் அரித்துவிட்டால் டிங்கர் வைக்கும் ஒட்டு எதையும் தாங்காது, அந்த வண்டிக்கு என்ஜின் வேலை பார்ப்பது வீண். கடலோரம் கிடக்காத மைசூர்ப் பீடபூமி வண்டிகளுக்கு இந்த ஆபத்து குறைவு. அதைவிடப் பெரிய ஆபத்து, என்ஜினை ஆளும் மின்னணுப் பெட்டி. லேத்தில் அதைக் கடைய முடியாது. புதிதாகக் கிடைத்தாலும் வண்டியோடு சேர்த்துப் பதிவு செய்யும் மென்பொருள் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. சாமராஜநகர்ப் பட்டறைக்காரர் அதற்காக வண்டியை அறுபது கிலோமீட்டர் தள்ளி மைசூருக்கு ஏற்றி அனுப்ப நேரலாம். 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியபோது மோட்டார் வாகனங்களையும் அதில் சேர்த்தது. நிறுவனங்கள் தாமாக முன்வந்து விவரம் தருவதற்கான தளம் அது. மென்பொருளையும் கருவியையும் வெளிப் பட்டறைகளுக்குக் கொடுத்தே தீரவேண்டும் என்று அவர்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இந்தியாவில் இன்னும் இயற்றப்படவில்லை.