கடல் கடந்த ஊரும் தொலைத்தொடர்புக் கல்வியும்

வெண்ணாற்றுப் பாசனத்து நெல்வயல்களுக்கு நடுவே இருந்தாலும் மலாயாவையும் சிங்கப்பூரையும், பிற்பாடு வளைகுடா நாடுகளையும் நம்பி வளர்ந்த ஊர் கூத்தாநல்லூர். சுற்றுவட்டாரத்தில் அதைச் ‘சின்ன சிங்கப்பூர்’ என்பார்கள். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியவர்களின் சேதி கடிதமாக வந்தது. அவசரமென்றால் தந்தி, பிறகு பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கும் டிரங்க் கால், அப்புறம் எஸ்.டி.டி. பூத். சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக் கம்பி 1870-71லேயே போடப்பட்டுவிட்டது. 2002இல் சென்னையையும் சிங்கப்பூரையும் ஐ-டூ-ஐ ஒளியிழைக் கம்பி இணைத்தது. இப்படி ஒவ்வொரு தலைமுறையிலும் தொலைத்தொடர்புக்குக் காசு கொடுத்துப் பிழைத்த ஊர்கள், அதன் கல்வியில் அதே அளவு பங்கு பெறவில்லை. அதற்குக் காரணம் ஆர்வக் குறைவு அல்ல, அந்தக் கல்வி இருந்த தூரம் என்பது என் வாதம். அந்தத் தூரம் இன்று பெரும்பாலும் இல்லை.

கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர் 1794இல் தொடங்கிய நில அளவைப் பள்ளி. அங்கே தொலைத்தொடர்பு தனிப் பாடப்பிரிவாக வந்தது 1945இல்தான். கம்பி வந்து முக்கால் நூற்றாண்டு கழிந்த பிறகு! 1949இல் சி.ராஜம் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி.யைத் தொடங்கியபோது இன்னொரு வழி திறந்தது. பி.எஸ்சி. முடித்தவர்கள் அங்கே மூன்றாண்டு எலெக்ட்ரானிக்ஸ் படிக்க முடிந்தது. பொறியியல் இடம் கிடைக்காத மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு, பட்டத்துக்கு மேல் ஒரு பட்டயம் என்ற இந்த ஏற்பாடு பெரிய வரம். ஸ்ரீரங்கத்து ரங்கராஜன், அதாவது எழுத்தாளர் சுஜாதா, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் முடித்து அந்த வழியாகவே எலெக்ட்ரானிக்ஸுக்குப் போனார்; பின்னாளில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தை உருவாக்குவதில் பங்கேற்றார். காவிரிக்கரையில் திறமைக்குப் பஞ்சம் இருந்ததில்லை. 1964இல் திருச்சியில் மண்டலப் பொறியியல் கல்லூரி, 1984இல் தஞ்சாவூர் அருகே சண்முகா பொறியியல் கல்லூரி, 1990களில் கோவில்வெண்ணியில் இன்னொன்று என்று கல்லூரிகள் டெல்டாவை நெருங்கி வந்தன.

ஆனால் பி.இ.யோடு நிறுத்திக்கொள்ளும் பழக்கம் வலுத்துவிட்டது. மென்பொருள் நிறுவனம் உடனே சம்பளம் தரும்போது எம்.இ.க்கு இரண்டு வருடம் எதற்கு என்ற கேள்வியில் நியாயம் உண்டு. வெளிநாட்டில் கடனை அடைக்கும் அண்ணன் இருக்கும் வீட்டில் அது வெறும் கேள்வியும் அல்ல. ஆனாலும் மேற்படிப்பு எதற்கு என்பதற்குப் பதிலாக, ஐ.ஐ.டி. மெட்ராஸின் டெநெட் ஆராய்ச்சிக் குழு செய்ததைப் பாருங்கள். 1990களின் தொடக்கத்தில் ஒரு தொலைபேசி இணைப்புக்குக் கிட்டத்தட்ட 40,000 ரூபாய் செலவானது. அதை 10,000க்கு இறக்க வேண்டும் என்று அசோக் ஜுன்ஜுன்வாலாவும் சகாக்களும் மாணவர்களும் உழைத்து கார்டெக்ட் என்ற கம்பியில்லா அமைப்பை உருவாக்கினார்கள். 2001இல் மேலூர் வட்டாரக் கிராமங்களுக்கு இணையம் போனது அதன் வழியாகத்தான். அந்தத் தொழில்நுட்பம் செல்போன் வந்ததும் மறைந்துபோனதே என்று மறுக்கலாம். கருவி மறைந்தது, ஆள் தயாராகியிருந்தது. 2022 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்ட இந்தியாவின் 5ஜி சோதனைக்களத்தை எட்டு நிறுவனங்கள் சேர்ந்து அமைத்தன, தலைமை ஐ.ஐ.டி. மெட்ராஸ். நான்கு வருடப் பட்டத்தோடு கிடைக்கும் திறன் அல்ல இது.

நெட்வொர்க்கிங் சான்றிதழ் ஒன்று போதாதா என்பார்கள். துபாயில் வேலை தேட அது போதும், அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அது பிறர் செய்த கருவியை இயக்கக் கற்றுக்கொடுக்கும். கருவி ஏன் அப்படி இருக்கிறது என்ற இடத்துக்கு அழைத்துப் போகாது. 2018 நவம்பர் 16இல் டெல்டாவில் கஜா புயல் அடித்தபோது மின்கம்பங்கள் சாய்ந்தன, செல்போன் கோபுரங்கள் ஊமையாயின, வெளிநாட்டில் இருந்தவர்கள் வீட்டாரின் குரல் கேட்காமல் தவித்தார்கள். தண்ணீரும் காற்றும் ஒருசேர வரும் இந்தச் சமதரைக்கு எந்த மாதிரி வலையமைப்பு தாங்கும் என்பது ஆராய்ச்சிக் கேள்வி. அதை இங்கே பிறந்தவர்கள்தான் முதலில் கேட்பார்கள்.

செலவு தடையென்றால், பொறியியல் முதுநிலைப் படிப்புக்கான கேட் தேர்வில் தகுதி பெற்று எம்.டெக். சேர்பவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை இருக்கிறது. தஞ்சாவூர்ச் சாலையில் துவாக்குடியிலேயே என்.ஐ.டி. இருக்கிறது, அங்கே தகவல் தொடர்பு அமைப்புகளில் முதுநிலை படிக்கலாம். இந்த வருடம் பி.இ. முடிக்கும் மகனோ மகளோ வீட்டில் இருந்தால், விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன் கேட் விண்ணப்பத்தையும் ஒருமுறை நிரப்பச் சொல்லுங்கள்.