லயத்திலிருந்து பாண்டி பஜார் வரை: இலங்கை உள்நாட்டுப் போரின் நீண்ட முன்கதை

1982 மே 19 அன்று இரவு தி. நகர் பாண்டி பஜாரில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. ஒரு பக்கம் வேலுப்பிள்ளை பிரபாகரன், மறுபக்கம் உமா மகேஸ்வரன். ஒரு காலத்தில் ஒரே இயக்கத்தில் இருந்து பிரிந்துபோன இருவரும் சென்னையின் நெரிசலான கடைத்தெருவில் மோதிக்கொண்டார்கள். உடனிருந்த ஒருவர் காயமடைந்தார். பிரபாகரனும் உமா மகேஸ்வரனும் கைதாகி, பிறகு நிபந்தனை ஜாமீனில் வெளியே வந்தார்கள். இலங்கையில் என்ன நடக்கிறது என்று பல சென்னைவாசிகள் கவனிக்கத் தொடங்கியது அப்போதுதான். அடுத்த ஆண்டு ஜூலையில் கொழும்பு எரிந்தது. 1983 ஆகஸ்ட் 2 அன்று தமிழகம் முழுவதும் கடையடைப்பு நடந்தது. சென்னையின் நினைவில் ஈழப் போர் அந்த ஜூலையில்தான் தொடங்குகிறது.

ஆவணங்கள் வேறொரு தொடக்கத்தைக் காட்டுகின்றன. போருக்கான பாதை 1948-49-ல் கொழும்பு நாடாளுமன்றத்தில் திறக்கப்பட்டது. அங்கே முதலில் பலியிடப்பட்டவர்கள் யாழ்ப்பாணத்தாரோ மட்டக்களப்பாரோ இல்லை. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மலையகத் தமிழர்கள். அவர்கள் அங்கே போய்ச் சேர்ந்த கதையோ தமிழ்நாட்டு வயல்களின் அடிமைமுறையில் வேர்கொண்டது.

சென்னை மாகாணத்தில் அடிமைமுறை எப்படி இருக்கிறது என்று வருவாய் வாரியம் 1819-ல் மாவட்டக் கலெக்டர்களிடம் அறிக்கை கேட்டது. தஞ்சை, திருச்சி முதலிய நெல் விளையும் மாவட்டங்களில் பள்ளர்களும் பறையர்களும் நிலத்தோடு பிணைக்கப்பட்டிருப்பதும் விற்கப்படுவதும் அடகு வைக்கப்படுவதும் அந்த அறிக்கைகளில் பதிவாகின. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1833-ல் இயற்றிய அடிமை ஒழிப்புச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளையும் இலங்கையையும் விட்டுவிட்டது. இந்தியாவில் 1843-ன் ஐந்தாம் சட்டம் வந்தது, இலங்கையில் 1844-ல் அவசரச் சட்டம் வந்தது. காகிதத்தில் அடிமை ஒழிந்த அதே பத்தாண்டுகளில்தான் கண்டி மலைகளில் காப்பித் தோட்டங்கள் பரவின, ஆட்கள் தேவைப்பட்டார்கள். பண்ணையாரின் கடனிலிருந்து தப்பியவர்களை, தோட்டத்துக்கு ஆள்கட்டும் கங்காணியின் கடன் காத்திருந்து பிடித்துக்கொண்டது.

இராமநாதபுரம் கரையில் படகேறி, மன்னார்ப் பக்கம் இறங்கி, மாத்தளைக்கு ஏறத்தாழ 150 மைல் காட்டுவழி நடக்க வேண்டும். வாந்திபேதியிலும் பசியிலும் பலர் வழியிலேயே விழுந்தார்கள். காப்பி இலைநோய் 1869 முதல் பயிரை அழித்தபின் தேயிலை வந்தது. ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டியிருந்ததால், வந்து போனவர்கள் குடும்பத்தோடு தங்கினார்கள். 1876-78 பெரும் பஞ்சம் இன்னும் பலரைத் தள்ளிவிட்டது. வரிசையாகக் கட்டிய லயத்தில் குடும்பத்துக்கு ஓர் அறை. விடியுமுன் தப்பு முழங்கும். எல்லோரும் பெரட்டுக்களத்தில் வந்து நிற்க வேண்டும். கங்காணி பேர் சொல்ல, கணக்கப்பிள்ளை எழுதிக்கொள்ள, துரை பார்த்துக்கொண்டிருப்பார்.

இவர்கள் அடிமைகள் இல்லை என்று சட்டம் சொன்னது. பிஜிக்கும் மொரீஷியசுக்கும் போனவர்களைப்போல் ஐந்தாண்டு ஒப்பந்தம்கூட இவர்களுக்குக் கிடையாது. மாத முன்னறிவிப்புக் கொடுத்து விலகலாம் என்பது விதி. ஆனால் 1865-ன் தொழிலாளர் சட்டப்படி சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போவது சிறைக்குரிய குற்றம். அதைவிட இறுக்கமான கட்டு ஒரு சின்னக் காகிதத்தில் இருந்தது. அதன் பெயர் ‘துண்டு’. இன்ன கங்காணியின் ஆட்கள் இவ்வளவு கடன்பட்டிருக்கிறார்கள், அந்தத் தொகையைக் கட்டுகிறவர் இவர்களை எடுத்துக்கொள்ளலாம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அடுத்த தோட்டத்துத் துரை பணத்தைக் கட்டுவார். ஆட்கள் இடம் மாறுவார்கள். கடன் கூடவே போகும். கரையிலிருந்து ஆள்கட்டி வரக் கங்காணி வாங்கிய முன்பணம், வழிச்செலவு, அரிசி எல்லாம் அந்தக் கணக்கில் ஏறின. எழுத்தறியாத தொழிலாளிக்குத் தன் பேரில் எவ்வளவு நிற்கிறது என்பதே தெரியாது. ஆளுக்கு விலை போடும் சந்தைக்கும் இதற்கும் தூரம் மிகக் குறைவு. துண்டுமுறை 1921-ல்தான் சட்டப்படி நின்றது.

அதே பாக் நீரிணையில் எதிர்த்திசையிலும் ஒரு போக்குவரத்து நடந்தது. 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாகத் தேறிய சி. வை. தாமோதரம் பிள்ளையும் விசுவநாத பிள்ளையும் யாழ்ப்பாணத்தார். பொன்னம்பலம் இராமநாதன் படித்தது சென்னை மாநிலக் கல்லூரியில். படிப்பு, அச்சு, பதவி என்று யாழ்ப்பாணத்து மேட்டுக்குடி சென்னையோடு நெருங்கியிருந்தது. மலையில் கொழுந்து பறித்தவர்களோடு அதற்கு உறவு இருந்ததாகச் சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்துக்குள்ளேயும் அடிமைமுறை இருந்தது; 1707-ல் டச்சுக்காரர்கள் தொகுத்த தேசவழமைச் சட்டத்தில் அடிமைகளுக்கென்றே விதிகள் உண்டு. பின்னால் நேர்ந்த அரசியல் பிளவைப் புரிந்துகொள்ள இந்தச் சாதி இடைவெளியைச் சொல்லாமல் விடக்கூடாது. ஈழ வரலாறு எழுதுகிறவர்கள் பலர் இதை ஒரு வரியில் தாண்டிப் போவது நியாயமில்லை.

சிங்களத் தரப்பில் எழுந்த மறுமலர்ச்சியின் ஒரு கிளை அடையாற்றைத் தொட்டுச் செல்கிறது. கர்னல் ஆல்காட்டும் பிளாவட்ஸ்கி அம்மையாரும் 1880-ல் இலங்கையின் காலி நகரில் இறங்கி வெளிப்படையாகப் பௌத்தம் தழுவினார்கள். 1882 இறுதியில் பிரம்மஞான சபையின் தலைமையகத்தை அடையாற்றங்கரைத் தோட்டத்துக்கு மாற்றினார்கள். 1884 டிசம்பரில் இருபது வயது டான் டேவிட் ஹேவாவிதாரண அவர்களோடு அடையாறு வந்தார். அநாகரிக தர்மபாலர் என்று பிற்காலத்தில் அறியப்பட்டவர் அவரே. பாலி மொழியைக் கற்கும்படி அவரைத் தூண்டியவர் பிளாவட்ஸ்கி. மிஷனரிகளின் ஆதிக்கத்துக்கு எதிராகப் பௌத்தப் பள்ளிகள் எழுந்ததில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் தர்மபாலரின் பிற்கால எழுத்தில் முஸ்லிம்களும் தமிழர்களும் அந்நியர்களாகத் தெரியத் தொடங்கினார்கள். தீவு சிங்கள பௌத்தர்களுக்கே உரியது என்ற எண்ணம் பாடப்புத்தகத்துக்கும் மேடைக்கும் ஏறியது.

இருந்தாலும் உறவு உடனே முறியவில்லை. 1915-ன் சிங்கள-முஸ்லிம் கலவரத்துக்குப் பின் சிங்களத் தலைவர்கள் சிறையிலடைக்கப்பட்டபோது அவர்களுக்காக லண்டன் சென்று வாதாடியவர் இராமநாதன். திரும்பி வந்தவரைச் சிங்களத் தலைவர்களே தேரில் வைத்து இழுத்தார்கள். 1919-ல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவரானவர் அவர் தம்பி அருணாசலம். கொழும்பில் தமிழருக்கு ஓர் இடம் தருவதாகச் சொன்ன வாக்கு காப்பாற்றப்படாததால் இரண்டே ஆண்டில் அவர் விலகினார். 1931-ல் சர்வசன வாக்குரிமை வந்தது. அதை எதிர்த்தவர்களில் இராமநாதனும் ஒருவர். தோட்டத் தொழிலாளிக்கு வாக்குக் கிடைப்பது கண்டிச் சிங்களத் தலைவர்களுக்கும் பிடிக்கவில்லை. தஞ்சையிலிருந்து போன கோ. நடேசய்யர் அந்தத் தொழிலாளர்களுக்காகச் சங்கம் கட்டினார், பத்திரிகை நடத்தினார். 1939-ல் நேரு கொழும்பு வந்தபோது இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது.

1946 மக்கள்தொகைக் கணக்கில் இந்திய வம்சாவளித் தமிழர் ஏறத்தாழ 7.8 லட்சம், இலங்கைத் தமிழர் 7.3 லட்சம். அன்று தீவின் தமிழர்களில் மலையகத்தார்தான் அதிகம் என்பதை இன்று பலரும் மறந்துவிட்டார்கள். 1947 தேர்தலில் தோட்டப் பகுதிகளில் அவர்களுடைய பிரதிநிதிகள் வென்றார்கள். வேறு பல தொகுதிகளில் அவர்கள் வாக்கு இடதுசாரிகளுக்குப் போனது. டி. எஸ். சேனாநாயக அரசு கணக்குப் போட்டுப் பார்த்தது. 1948-ன் 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டப்படி, அந்த ஆண்டு நவம்பருக்கு முன் இலங்கையில் பிறந்தவர் தம் தகப்பனும் அங்கே பிறந்தவர் என்று காட்ட வேண்டும். இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்று நிறுவ வேண்டும். பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத லயத்து மனிதர் பூட்டனின் சான்றிதழுக்கு எங்கே போவார்? மறு ஆண்டில் வந்த இந்திய-பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் சட்டம் விண்ணப்பிக்க ஒரு குறுகிய வாசலைத் திறந்தது. அதே ஆண்டின் 48-ஆம் எண் தேர்தல் திருத்தச் சட்டம் குடிமகனல்லாதவரின் வாக்கைப் பறித்தது. 1952 நாடாளுமன்றத்தில் மலையகத் தமிழர் பிரதிநிதி ஒருவர்கூட இல்லை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. சோல்பரி அரசியலமைப்பு 75,000 மக்களுக்கு ஒரு தொகுதி என்று பிரித்திருந்தது. அது வாக்காளர் கணக்கு இல்லை, தலைக்கணக்கு. ஆகவே வாக்கிழந்த தொழிலாளர்களின் தலைகள் தொகுதிகளை உண்டாக்க உதவின. அந்தத் தொகுதிகளில் வாக்களித்தவர்களோ அக்கம்பக்கத்துச் சிங்களக் கிராமத்தார். அமெரிக்க வரலாறு படித்தவர்களுக்கு இது உடனே நினைவூட்டுவது 1787-ன் ஐந்தில் மூன்று விதி. வாக்கில்லாத அடிமையை ஐந்தில் மூன்று ஆளாக எண்ணித் தென்மாநிலங்கள் தங்கள் இடங்களைப் பெருக்கிக்கொண்டன. அந்த உபரி பலம் அடிமைமுறையைக் காத்தது. சமரசங்கள் ஒவ்வொன்றாகக் கிழிந்து 1861-ல் போர் வந்தது. இலங்கையில் மலையகத் தமிழரை முழுத் தலையாகவே எண்ணினார்கள். அப்படிப் பெருகிய கண்டித் தொகுதிகள் அடுத்த பத்தாண்டுகளில் மொழிக் கொள்கைக்குப் பெரும்பான்மை தந்தன.

நீதிமன்ற ஒப்புமையும் உண்டு. கறுப்பினத்தார் குடிமக்களாக முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1857-ல் டிரெட் ஸ்காட் வழக்கில் சொன்னது. இலங்கையில் கோடகன் பிள்ளை என்பவர் வாக்காளர் பட்டியலில் தன் பெயரைச் சேர்க்கக் கோரி வழக்காடினார். சிறுபான்மையினருக்குப் பாதகமான சட்டத்தைத் தடுக்கும் அரசியலமைப்பின் 29-ஆம் பிரிவுதான் அவர் பிடி. முதற்கட்டத்தில் கிடைத்த வெற்றி உச்ச நீதிமன்றத்தில் கைநழுவியது. 1953-ல் லண்டன் பிரிவி கவுன்சிலும் குடியுரிமைச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. 29-ஆம் பிரிவு காப்பாற்றாது என்பது அன்றே வெளிப்பட்டது.

தமிழ்த் தலைமை இதை எப்படி எதிர்கொண்டது? 1948 சட்டத்தை எதிர்த்து வாக்களித்த தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம், அடுத்து அமைச்சரானதும் 1949 குடியிருப்பாளர் சட்டத்துக்கு ஆதரவாக நின்றார். எஸ். ஜே. வி. செல்வநாயகமும் கு. வன்னியசிங்கமும் கட்சியிலிருந்து வெளியேறினார்கள். இன்று மலையகத் தமிழருக்கு விழும் அடி நாளை மொழியின் பெயரால் நமக்கு விழும் என்பது செல்வநாயகத்தின் எச்சரிக்கை. 1949 டிசம்பரில் கொழும்பு மருதானையில் இலங்கைத் தமிழரசுக் கட்சி தொடங்கியது. கூட்டாட்சிக் கோரிக்கை அங்கேதான் உருப்பெற்றது.

எச்சரிக்கை பலிக்க ஏழாண்டுகூட ஆகவில்லை. 1956 ஜூனில் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. காலிமுகத் திடலில் சத்தியாக்கிரகம் இருந்தவர்கள் தாக்கப்பட்டார்கள். கல்லோயாவில் உயிர்கள் போயின. 1957 ஜூலையில் பண்டாரநாயக-செல்வநாயகம் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1958 ஏப்ரலில் பிக்குகள் பிரதமர் வீட்டு வாசலில் அமர்ந்ததும் அவர் அதைக் கைவிட்டார். அடுத்த மாதமே கலவரம். 1965-ன் டட்லி-செல்வா ஒப்பந்தமும் செயலுக்கு வரவில்லை.

இடையில் 1964 அக்டோபர் 30 அன்று டில்லியில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் 9.75 லட்சம் மலையக மனிதர்களைப் பங்கிட்டுக்கொண்டார்கள்: இந்தியாவுக்கு 5.25 லட்சம், இலங்கைக்கு 3 லட்சம். மிச்சம் 1.5 லட்சத்தை 1974-ல் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். எந்த லயத்திலும் போய் யாரிடமும் கேட்கவில்லை. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் ராமேசுவரம் வழியாகத் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். அவர்களுக்காகவே நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் உருவானது. தாங்கள் பிறந்திராத ஊரை அவர்கள் தாயகம் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டியிருந்தது. இந்திய அரசும் இந்தப் பங்கீட்டில் சமப் பொறுப்பாளி. அதைத் தமிழ்நாடு உரக்கச் சொல்லவில்லை.

எழுபதுகளில் நிகழ்ச்சிகள் விரைந்தன. தரப்படுத்தல் என்ற பெயரில் பல்கலைக்கழக வாசல் தமிழ் மாணவருக்குக் குறுகியது. 1972 அரசியலமைப்பு 29-ஆம் பிரிவையும் நீக்கிப் பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்தது. 1975-ல் யாழ்ப்பாண மேயர் ஆல்பிரட் துரையப்பா சுட்டுக் கொல்லப்பட்டார். 1976 மே 14 அன்று வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம். தமிழர் விடுதலைக் கூட்டணியில் இருந்த மலையகத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் அதிலிருந்து விலகி நின்றார். கண்டி மலையில் வாழும் மக்களுக்கு வடகிழக்கில் தனிநாடு என்பது எப்படித் தீர்வாகும் என்ற அவருடைய நிலைக்கு எவரும் நேரான பதில் சொல்லவில்லை. 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ் நூலகத்தின் 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்த நூலகத்துக்குத் திட்டம் தந்தவர்களில் சென்னையின் எஸ். ஆர். ரங்கநாதனும் ஒருவர்.

1977 கலவரத்தில் அடிபட்ட மலையகக் குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் ஓடிக் குடியேறின. 1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 சிப்பாய்கள் கொல்லப்பட, மறுநாள் முதல் கொழும்பிலும் மலையகத்திலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. வெலிக்கடைச் சிறையில் 53 கைதிகள் கொல்லப்பட்டார்கள். சில மாதங்களில் அடையாறு இந்திரா நகரிலும் பெசன்ட் நகரிலும் கோடம்பாக்கத்திலும் இயக்கங்களின் அலுவலகங்களும் வாடகை வீடுகளும் முளைத்தன. வடகிழக்குத் தமிழரின் போர் என்று உலகம் அறிந்த அந்தப் போரில், வன்னியில் குடியேறியிருந்த மலையக வம்சத்தாரும் 2009-ல் அது முடிந்த கடைசி நாள் வரை சிக்கிக் கிடந்தார்கள்.

இலங்கை நாடாளுமன்றம் 2003-ல் இயற்றிய சட்டம், எஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கியது. 1948-லிருந்து கணக்கிட்டால் 55 ஆண்டுகள். 1983-க்குப் பின் அகதிகளாகத் தமிழ்நாட்டுக்கு வந்த மலையகக் குடும்பங்கள் அந்தக் கணக்கில் வரவில்லை. திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்பவர்கள் உள்ளிட்டோர் இந்தியக் குடியுரிமை கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். அவர்கள் மத்திய அரசுக்கு விண்ணப்பிக்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஜூனில் வழிவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் டில்லியில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயர் இடம்பெறவில்லை.